மேலே பளபளப்பு, கீழே கறள்: ரொறன்ரோ குளிர்காலத்தில் கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஏப்ரல் மாதம் ரயர் மாற்றுவதற்குக் காரைக் கொண்டுபோயிருந்தேன். காரை உயர்த்தியதும் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து மெல்ல அழுத்தினார். அது அப்படியே உள்ளே போய்விட்டது. பழுப்புச் செதில்கள் தரையில் கொட்டின. "வெளியில ஒரு கீறல்கூட இல்லை, பாத்தீங்களே அண்ணை" என்றார். ஒன்பது வருடம் அந்தக் காரைக் கழுவி, மெழுகு பூசி வைத்திருந்தேன். பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில். உப்பு இருந்த இடமோ வேறு.

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு உப்புக் காற்று யன்னல் கம்பியை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே அந்த உப்பைத் தெருவிலேயே கொட்டுகிறார்கள். ஹூரன் ஏரிக்கு அடியில், கொடரிச் ஊரில் இருக்கும் சுரங்கம்தான் உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். அங்கே வெட்டியெடுக்கும் உப்புத்தான் ஒன்ராறியோ வீதிகளில் பெருமளவில் விழுகிறது. பனி விழும் முன்பே உப்புத் தண்ணீரைக் கோடு கோடாகத் தெளித்துவிட்டும் போவார்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் 401 நெடுஞ்சாலையில் வெள்ளை வரிகள் தெரிவது அதனால்தான்.

ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். காய்ந்த உப்பு இரும்பை அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. உப்பு கரைந்த ஈரம்தான் அரிக்கும். அதுவும் குளிர் குறையக் குறைய வேகம் கூடும். மைனஸ் 20இல் உறைந்து நிற்கும் கார் மெதுவாகத்தான் கறள் பிடிக்கும். பிளஸ் 3இல் நசநசவென்று நனைந்திருக்கும் காருக்குத்தான் ஆபத்து.

அதனால்தான் சூடேற்றிய கராஜுக்குள் காரை விட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. சில்லுக்கு மேலே ஒட்டியிருக்கும் உப்புப் பனி இரவெல்லாம் உருகி, மூலை முடுக்கெல்லாம் வழிந்து, வெதுவெதுப்பில் வேலையை ஆரம்பித்துவிடும். கராஜில் விடத்தான் வேண்டும் என்றால் முதலில் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு விடுங்கள். கழுவ முடியாத நாளில் வெளியே நிற்பதே காருக்கு நல்லது.

"எப்படியும் நாளைக்கு ஊத்தையாகப் போகுது, மார்ச்சில் கழுவுவோம்" என்பதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். இதுதான் பெரிய தவறும்கூட. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது, வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி வரும் நாளாகப் பார்த்து, அடிப்பக்கத்துக்கும் தண்ணீர் அடிக்கும் கார் வாஷுக்குப் போங்கள். மேலே போடும் மெழுகுக்குக் காசு கொடுக்காவிட்டாலும் அடிக் கழுவலுக்குக் கொடுங்கள். கழுவியதும் கதவு ஓரத்து ரப்பரைத் துடைத்து, கதவுகளை ஒருதரம் திறந்து மூடுங்கள். இல்லாவிட்டால் இரவில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, காய்ந்த உப்பு அழுக்கைத் துணியால் துடைக்காதீர்கள். அதற்குள் மணலும் இருக்கிறது, பெயின்ட் முழுக்கக் கீறிவிடும்.

அடுத்தது, கறள் தடுப்பு எண்ணெய். புதுக் கார் வாங்கும்போது விற்பவர் ஒரு கறுப்புப் பூச்சையோ, சின்ன எலக்ட்ரானிக் பெட்டியையோ காட்டி, இனிக் கவலையில்லை என்பார். மின்சாரத்தால் கறளைத் தடுக்கும் முறை கப்பலிலும், மண்ணுக்குள் புதைந்த குழாயிலும் நன்றாக வேலை செய்யும். அவை எப்போதும் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ கிடப்பதால் அங்கே மின்சுற்று முழுமையாகும். காற்றில் நிற்கும் காருக்கு அந்த வசதி இல்லை. தடித்த கறுப்புப் பூச்சு ஓரிடத்தில் வெடித்தால் ஈரம் உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும், அழிவு வெளியிலும் தெரியாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எண்ணெய் அடிப்பதைத்தான் நான் நம்புகிறேன். இரண்டு மூன்று நாள் சொட்டும், வாசலில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். கதவின் அடியிலும், பக்கத் தகட்டின் அடியிலும் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் காரில் அவை மண்ணால் அடைபட்டிருந்தன.

கறளை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதும் ஆபத்து. பின் சில்லுக்குப் போகும் பிரேக் எண்ணெய்க் குழாய் பல கார்களில் மெல்லிய இரும்பு. அது அரித்து வெடித்தால் பெடல் தரைவரை போய்விடும். ஏழெட்டு வயதான காருக்கு வருடம் ஒருமுறை அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் உரசாது, உரசாத பிரேக் உப்பில் இறுகிவிடும். குளிர்காலம் முடிந்ததும் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

உள்ளே துணி மிதியடி வேண்டாம். சப்பாத்தோடு வரும் உப்புத் தண்ணீர் கம்பளத்தில் ஊறி அடித்தட்டை அரிக்கும். விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு போட்டு, அடிக்கடி எடுத்து ஊற்றுங்கள். வெள்ளைக் கறைக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்தால் போதும்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். உப்புப் போட்ட வீதி வெள்ளையாகத் தெரிந்தால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். மைனஸ் 10, 12 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு பனிக்கட்டியை உருக்குவது மிகவும் குறைந்துவிடும். நான்கு சில்லும் இழுக்கும் கார் புறப்பட உதவும், நிற்க உதவாது. நிற்க ரயர்தான் வேண்டும். 7 பாகைக்குக் கீழே, வருடம் முழுக்கப் போடும் ஓல் சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில், ரொறன்ரோப் பக்கம், அப்படிக் கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். 2016 முதல் இங்கே விண்டர் ரயருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

எல்.ஈ.டி. முன்விளக்கில் பழைய விளக்கைப்போலச் சூடு வராது. பனியும் சேறும் ஒட்டினால் உருகாமல் அப்படியே கிடக்கும், ஓட்டத் தொடங்குமுன் துடையுங்கள். 2021 செப்டம்பருக்கு முன் செய்த பல கார்களில் பகலில் முன்விளக்கு தானாக எரியும், பின்விளக்கு எரியாது. பனிப்புகாரில் பின்னால் வருபவருக்கு உங்கள் கார் தெரியவே தெரியாது. சுவிட்சை நீங்களே போடுங்கள்.

பனிப்புயலுக்குப் பிறகு பிள்ளைகளைச் சூடான காருக்குள் இருத்திவிட்டுச் சுற்றிவரப் பனி அள்ளுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். புகைக்குழாய் பனியில் புதைந்திருந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு காருக்குள் ஏறும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, நிமிடங்களில் உயிர் போகும். முதலில் குழாயைச் சுற்றி அள்ளுங்கள். அப்புறம்தான் எஞ்சின், அதற்கும் பிறகுதான் பிள்ளைகள்.

வசந்த மழை இரண்டு தரம் பெய்து வீதி கழுவுப்பட்டதும், புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காருக்கு அடியில் வைத்து அரை மணி நேரம் திறந்துவிடுங்கள். சவர்க்காரம் வேண்டாம், தெருவடிகால் பல இடங்களில் நேரே ஓடைக்குத்தான் போகிறது. நடுவில் ஒருதரம் காரை முன்னும் பின்னும் நகர்த்தி வையுங்கள். கதவடி ஓட்டைகளில் இருந்து முதலில் பழுப்பாக வடியும். தெளிவாக வடியும்வரை விட்டுவையுங்கள்.