குருத்தெலும்பு மரபணு இயங்குகிறதா? லூசிஃபெரேஸ் வெளிச்சத்தில் பார்ப்பது எப்படி

செல் குருத்தெலும்பாக மாறும்போது சாக்ஸ்9 புரதம், டைப் 2 கொலாஜன் மரபணுவின் முதல் இன்ட்ரானில் (புரதமாகாத இடைத்துண்டு) உள்ள என்ஹான்சரில், அதாவது மரபணு இயக்கத்தைக் கூட்டும் டிஎன்ஏ துண்டில், போய் ஒட்டும். அந்தத் துண்டை மின்மினி லூசிஃபெரேஸ் (மின்மினிப் பூச்சியின் ஒளி உண்டாக்கும் என்சைம்) மரபணுவோடு கோத்த பிளாஸ்மிடை (வட்ட டிஎன்ஏ) செல்லுக்குள் விட்டால், கொலாஜன் இயக்கத்தை வெளிச்சமாக அளக்கலாம்.

முதல் நாள்: 24 வெல் (குழி) பிளேட்டில் வெல்லுக்கு 40,000 ஏடிடிசி5 செல்கள் (குருத்தெலும்பாக மாறக்கூடிய எலி செல் வகை). 5% சீரம் கலந்த டிஎம்இஎம்/எஃப்12 மீடியம்.

மறுநாள் வெல்லின் அடிப்பரப்பில் முக்கால்வாசியைச் செல்கள் மூடியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்பிட் ரீஏஜென்ட் செல்களைக் கொன்றுவிடும். வெல்லுக்கு 500 நானோகிராம் டிஎன்ஏ: மின்மினி ரிப்போர்ட்டர் (மேலே சொன்ன பிளாஸ்மிட்) 280, சாக்ஸ்9 பிளாஸ்மிட் 200, ரெனில்லா (வெல்லுக்கு வெல் வரும் வேறுபாட்டைச் சரிக்கட்டும் இன்னொரு லூசிஃபெரேஸ்) 20. கன்ட்ரோல் வெல்லில் சாக்ஸ்9-க்குப் பதில் அதே 200 வெற்று வெக்டர் (சாக்ஸ்9 மரபணு இல்லாத அதே பிளாஸ்மிட்). மொத்த டிஎன்ஏ மாறினாலே கணக்கு கெடும். ரெனில்லாவுக்கு டிகே என்ற மெதுவான புரமோட்டர் (மரபணுவைத் தொடக்கிவைக்கும் டிஎன்ஏ) போதும். வலுவான சிஎம்வி புரமோட்டர் போட்டால் மற்ற பிளாஸ்மிடுகளின் பங்கையும் அதுவே விழுங்கிவிடும். ஒவ்வொன்றும் மூன்று வெல். பிளாஸ்மிடே இல்லாமல் இரண்டு வெல்.

48 மணி நேரம் கழித்து மீடியத்தை உறிஞ்சி, பிபிஎஸ் உப்புக்கரைசலால் ஒருமுறை கழுவி, செல்களை உடைக்கும் 1 மடங்கு பாசிவ் லைசிஸ் பஃபர் 100 மைக்ரோலிட்டர் ஊற்றி 15 நிமிடம் ராக்கரில் ஆட்டுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் இதற்கடுத்துதான். லூசிஃபெரேஸுக்கு வெப்பநிலை மாறினால் வெளிச்சமும் மாறும். ஏப்ரல் மதியத்தில் ஏசி இல்லாத பெங்களூரு லேபில் எடுத்த எண்ணை டிசம்பர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ரீஏஜென்டைச் சில்லென்று ஊற்றினால் முதல் வெல்லுக்கும் கடைசி வெல்லுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே தொடுங்கள்; 37 டிகிரி வாட்டர்பாத்தில் வைக்கவே வேண்டாம்.

வெள்ளை பிளேட்டில் 20 மைக்ரோலிட்டர் லைசேட் (உடைந்த செல் கரைசல்), மேலே 100 மைக்ரோலிட்டர் லூசிஃபெரின் ரீஏஜென்ட். 2 விநாடி விட்டு 10 விநாடி வெளிச்சத்தை அளவெடுங்கள். பிறகு அதே வெல்லில் மின்மினியை அணைத்து ரெனில்லாவை எழுப்பும் ரீஏஜென்ட் 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, மறுபடி அளவெடுங்கள். ஒளி ஊடுருவும் பிளேட் என்றால் பக்கத்து வெல்லின் வெளிச்சமும் சேர்ந்து வரும். பிப்பெட்டைக் கடைசி ஸ்டாப்புக்கு அழுத்தாதீர்கள், குமிழி வரும்.

பிளாஸ்மிட் இல்லாத வெல்லின் எண்ணைக் கழித்துவிட்டு, மின்மினியை ரெனில்லாவால் வகுங்கள். வகுக்கும் முன் ரெனில்லா எண்களைத் தனியாக ஒரு பார்வை பாருங்கள். சாக்ஸ்9 வெல்களில் மட்டும் அவை பாதியாகியிருந்தால், நீங்கள் காணும் 'இரு மடங்கு' கொலாஜனுடையது அல்ல.

21 நாள் மீளுருவாக்கச் சோதனைக்கு இது ஆகாது. தற்காலிக பிளாஸ்மிட் சில நாளில் தேய்ந்துவிடும். அதற்கு லென்டிவைரஸ் (மரபணுவைச் செல்லின் டிஎன்ஏவோடு சேர்க்கும் வைரஸ்) வழியாகக் காசியா லூசிஃபெரேஸை நிலையாகச் சேருங்கள். அது மீடியத்துக்குள் சுரப்பதால் செல்லை உடைக்காமலே 20 மைக்ரோலிட்டர் எடுத்து அளக்கலாம். ஆனால் சுரந்தது நாள்கணக்கில் அழியாமல் தேங்கும். அளப்பதற்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு மீடியத்தை மாற்றிவிடுங்கள்.