வாஷிங் மெஷின் சத்தம் போட்டால் முதலில் இதைப் பாருங்க

துணி பிழியும்போது மட்டும் லாரி ஓடுற மாதிரி உறுமுதா? பெரும்பாலும் டிரம் லேசா சுத்த உதவுற பேரிங் போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, காலி டிரம்மைக் கையால சுத்துங்க. கரகரன்னு கேட்டாலோ, விளிம்பைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டும்போது டொக்கு டொக்குன்னு ஆடினாலோ சந்தேகமே வேண்டாம். பின்பக்கம் துருக் கறை வழிஞ்சிருந்தா, தண்ணியைத் தடுக்கிற ரப்பர் வளையம், அதாவது சீல் தேய்ஞ்சு தண்ணி பேரிங்குக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். காசிமேடு, ராயபுரம் மாதிரி உப்புக்காத்து அடிக்கிற இடத்துல துரு சீக்கிரம் பரவும், தள்ளிப் போடாதீங்க.

பேரிங் மாத்தும்போது சீலையும் கட்டாயம் மாத்தச் சொல்லுங்க. பழைய சீலோட விட்டா புது பேரிங்கும் அதே கதிதான். பேரிங் மேலயே 6205, 6206 மாதிரி நம்பர் பொறிச்சிருக்கும். பழசைக் கையில எடுத்துட்டுப் போய் பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில காட்டினா, அதே நம்பரைத் தருவாங்க. சில மாடல்ல டப் (டிரம்மைச் சுத்தி இருக்கிற வெளித் தொட்டி) ஒட்டின மாதிரி வரும், பிரிக்க முடியாது. முழு டப்பையும் மாத்தணும். செலவை முன்னாடியே கேட்டுக்கோங்க.

கீச்சுன்னு கத்தினா பெல்ட். தண்ணி வெளியேறும்போது கடகடன்னா பம்ப் ஃபில்டர்ல காசோ, ஊக்கோ மாட்டியிருக்கும். மெக்கானிக்கே வேண்டாம், நீங்களே திறந்து எடுத்துடலாம். கீழே ஒரு தட்டு வைக்க மறக்காதீங்க, தண்ணி கொட்டும்.