மறுவாழ்வு முகாமுக்கு உதவச் செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் போர் ஓய்ந்தது 2009-இல். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகப் படகேறித் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை முகாம்களில் வளர்கிறார்கள். இவர்களை நேற்று இரவு கரையேறியவர்களாக எண்ணி உதவப் புறப்படுவதுதான் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் காணும் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கிறிஸ்துமஸ், பொங்கல் நெருங்கினால் அரிசிப் பையும் துணி மூட்டையும் வேனில் ஏறுகின்றன. முகாம் குடும்பங்களுக்கு ரேஷன் அரிசி உண்டு. அரசின் மாதாந்திரப் பணக்கொடையும் உண்டு: 2021-இல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. இது போதாது. அதனால்தான் பெயின்டிங், கொத்து வேலை என்று ஆட்கள் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வேலை நாளில் போய் அவர்களை வரிசையில் நிறுத்தினால் ஒரு நாள் கூலி போகும். நீங்கள் கொடுக்கும் பை அந்தக் கூலிக்கு ஈடாகாது.

பழந்துணி வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரச் சாலைகளில் யாரும் தொடாமல் குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்த பிறகும் நாம் அதையே கட்டி அனுப்பலாமா?

என்ன தேவை என்பதை முகாம் தலைவரிடமும், முக்கியமாகப் பெண்களிடமும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் படிப்பைச் சுற்றியே வரும். கல்லூரி முடித்தும் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாத இளைஞர்கள் பலர். அவர்களுக்குத் தேவை பேருந்துச் செலவு, விடுதிக் கட்டணம், தொழிற்பயிற்சி, ஆவண வேலைகளில் துணை நிற்கும் ஒரு வழக்கறிஞர். ஒரு மாணவிக்கு மூன்று ஆண்டுப் படிப்புச் செலவை ஏற்பவர் முதல் ஆண்டோடு கைவிடக் கூடாது. பாதியில் நின்றுபோகும் உதவி அவளைக் கடனில் தள்ளும். முழுதும் முடியாதென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

முன் அனுமதி இல்லாமல் நுழைவதும் தவறு. முகாம்கள் வருவாய்த் துறையின் மேற்பார்வையிலும் கியூ பிரிவு (தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவு) போலீசாரின் கண்காணிப்பிலும் இருக்கின்றன. நீங்கள் திரும்பிவிடுவீர்கள், விசாரணைக்குப் பதில் சொல்லப்போவது முகாம்வாசிகள். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். நாளை அதே பிள்ளைகள் நாகர்கோவிலில் வேலை தேட வேண்டியவர்கள்.

முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காவல் நிலையத்தில் பதிந்து வாழும் இவர்களுக்குப் பணக்கொடை கிடையாது.

பண விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் தம் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாவிலோ லண்டனிலோ அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் ஒரு தொண்டு அமைப்புக்குத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கெனத் தொடங்கிய கணக்கில் அதைப் பெறலாம். பொதுப்பணிக்கென்று அத்தகைய பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.