கருத்துக்கணிப்புச் செயலியைத் திருத்தி வடிவமைப்போம்: வன்னியில் ஒரு பயனர் ஆய்வு, படிப்படியாக

கருத்துக்கணிப்புச் செயலி ஒன்றைக் கையில் கொடுத்து “இதைத் திருத்தி வடிவமை” என்றால், புதிதாகத் தொடங்குபவர் அநேகமாக ஃபிக்மாவை (திரைகளை வடிவமைக்கும் மென்பொருள்) திறந்து நிறத்தையும் பொத்தானையும் மாற்றத் தொடங்குவார். இந்தப் பதிவில் ஃபிக்மா ஏழாம் படியில்தான் வரும். அதற்கு முன் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து ஆட்களோடு இருந்து கதைக்கப் போகிறோம். பயனர் ஆய்வு என்பது இதுதான். கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறவர்களுக்கும், ஏ.எல். முடித்துவிட்டு வடிவமைப்புத் துறைக்குப் போக நினைக்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். ஒரு கொப்பி, பேனை, கொஞ்சம் ஏ4 தாள் இருந்தால் தொடங்கலாம்.

பயிற்சிக்கு இப்படி ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். ஊரில் ஒருவர் கேள்வி போடுவார்: “சனசமூக நிலையத்துக்கு முதலில் வேலி அடைப்பதா, லைட் போடுவதா?” மற்றவர்கள் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லாருக்கும் உடனே தெரியும். திறந்து பார்க்கிறவர்கள் நிறையப் பேர், வாக்களிக்கிறவர்கள் கொஞ்சப் பேர்.

1. ஆய்வுக் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“வாக்குகளைக் கூட்டுவது எப்படி” என்று எழுதினால் அது செயலிக்காரரின் ஆசை. அதை வைத்துக்கொண்டு யாரிடமும் போய் எதையும் கேட்க முடியாது. “கேள்வியை வாசித்து முடித்தவர் எந்த இடத்தில், என்ன காரணத்தால் வாக்களிக்காமல் வெளியேறுகிறார்?” என்று எழுதுங்கள். இதற்குப் பதில் கண்டுபிடிக்கலாம். கொப்பியின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் முன் ஒருமுறை வாசியுங்கள்.

2. ஏற்கனவே இருப்பதைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் 2022 இன் பிற்பகுதியில் கருத்துக்கணிப்பு வந்தது. குழுவில் இருக்கும் எவரும் யார் எதைத் தெரிவு செய்தார் என்று பார்க்கலாம். இன்ஸ்டகிராம் ஸ்டோரியில் 2017 இல் வந்ததில், கேள்வி போட்டவருக்கு மட்டும் பெயர்கள் தெரியும். ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) 2015 இல் வந்ததிலோ கேட்டவருக்குக்கூட யார் வாக்களித்தார் என்று தெரியாது. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆனால் “என் வாக்கை யார் பார்ப்பார்?” என்பதற்கு மூன்றும் மூன்று பதில் வைத்திருக்கின்றன. என் பார்வையில் இந்த வகைச் செயலியின் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

இணையத்துக்கு வெளியேயும் பாருங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிறது. கமக்கார அமைப்புகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் மாவட்டச் செயலகத்தினரும் ஒன்றாக இருக்கும் சபை அது. இப்படி ஒரு கூட்டம் நடந்தால் பின் வரிசையில் போய் இருங்கள். யார் எழுந்து கதைக்கிறார், யார் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார், வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது யார் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். சபையில் வராத கருத்து வாசலில் வரும். உங்கள் செயலி வாங்க வேண்டிய கருத்தும் அதுதான்.

3. ஆட்களைத் தெரிவு செய்தல்

ஒரே மாதிரியான பயனர்கள் 5 பேரிடம் சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 விழுக்காடு வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000 இல் எழுதினார். ஒருவரிடம் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல் தெரியவரும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. “ஒரே மாதிரியான” என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். ஏ9 வீதியோரம் கடை வைத்திருக்கும் இளைஞனும், ஒட்டுசுட்டான் உட்புறத்தில் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணும், முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்பவரும் ஒரே குழுவில் அடங்க மாட்டார்கள். நேரம் குறைவென்றால் இரண்டு குழுவை மட்டும் எடுங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் 5 பேரைச் சந்தியுங்கள். உங்கள் நண்பர்களையும் வகுப்பில் கூடப் படிக்கிறவர்களையும் விட்டுவிடுங்கள். உங்கள் மனம் நோகாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் பதில் சொல்வார்கள்.

4. கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியவை

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம் என்று எத்தனையோ படிவங்களுக்குப் பெயர் கொடுத்த மக்கள் இங்கே இருக்கிறார்கள். கொப்பியோடு ஒருவர் படலையடியில் நின்றால் இரண்டு எண்ணம் வரும்: ஏதோ உதவி வரப்போகிறது, அல்லது ஏதோ விசாரணை. இரண்டில் எது வந்தாலும் பதில் வளைந்துவிடும். அதற்கும் மேலாக, நடக்காத ஒன்றை அவர்கள் எதிர்பார்க்கும்படி விடுவது அநியாயம்.

ஆகவே முதல் வசனமே இப்படி இருக்கட்டும்: “அம்மா, நான் படிக்கிற பிள்ளை. இது நிவாரணத்துக்கோ வீட்டுத்திட்டத்துக்கோ எடுக்கிற பதிவு இல்லை. போனில் இருக்கிற ஒரு செயலியைத் திருத்தப் பார்க்கிறம். உங்கட பேர் எழுத மாட்டன். விருப்பமில்லையெண்டா இப்பவே சொல்லலாம், இடையிலயும் நிப்பாட்டலாம்.” அடையாள அட்டை இலக்கம் வேண்டாம், முகம் படம் எடுக்க வேண்டாம். ஒலிப்பதிவு செய்வதானால் தனியாக அனுமதி கேளுங்கள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தொழிலாக இதைச் செய்யப் போகிறவர்கள் அதை ஒருமுறை வாசித்து வையுங்கள்.

இன்னொன்று: ஆளைத் தனியாகச் சந்தியுங்கள். கணவரோ மகனோ சங்கத் தலைவரோ பக்கத்தில் கதிரை போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது அவர்களுடைய பதில். அரிவு வெட்டு நாட்களைத் தவிர்த்து, பிள்ளைகளை ரியூசனுக்கு விட்ட பிறகு வரும் பின்னேரம் மாதிரி அவர்களுக்கு வசதியான நேரத்தைக் கேட்டுப் போங்கள்.

5. கதைப்பதும், பேசாமல் இருந்து பார்ப்பதும்

“செயலி பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் வன்னி விருந்தோம்பலில் ஒரே பதில்தான் வரும்: “எல்லாம் நல்லாத்தான் கிடக்கு தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ.” நடந்ததைக் கேளுங்கள். “கடைசியா எப்ப ஒரு கேள்வி பார்த்தனீங்கள்? அது என்ன கேள்வி? பார்த்திட்டு என்ன செய்தனீங்கள்?” பதில் வந்த பிறகு உடனே அடுத்ததுக்குத் தாவாமல் கொஞ்சம் பேசாமல் இருங்கள். “வாக்குப் போடலாமெண்டுதான் இருந்தனான்... பிறகு பக்கத்து வீட்டு ஆள் கேட்ட கேள்வி எண்டு விட்டிட்டன்” போன்ற பதில் அந்த இடைவெளியில்தான் வரும். “ஏன்?” என்று நேரே கேட்டால் குற்றம் சாட்டுவது போலிருக்கும். “அப்ப என்ன யோசிச்சனீங்கள்?” நல்லது.

கதைத்து முடிந்ததும் ஒரு சிறு வேலை கொடுத்துப் பாருங்கள்: “இந்தச் சனசமூக நிலையக் கேள்விக்கு உங்கட விருப்பத்தைப் பதியுங்கோ. செய்யும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கோ.” அவர்களுடைய போனிலேயே செய்யட்டும். கீறல் விழுந்த கண்ணாடி, குறைந்த வெளிச்சம், விட்டுவிட்டு வரும் சிக்னல் எல்லாம் ஆய்வுக்கு வேண்டியவை. விரல் தயங்கும் இடத்தைக் குறியுங்கள், உதவி செய்யாதீர்கள்.

உட்கிராமங்களில் எதிர்பார்க்க வேண்டிய ஒரு சிக்கல்: பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒன்றும் நடக்காவிட்டால் ஆட்கள் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தலில் வாக்கு நீங்கும்படி செயலி அமைந்திருந்தால், போட்ட வாக்கு போட்டவருக்கே தெரியாமல் போய்விடும். பதில் வர 1 செக்கனைத் தாண்டினால் யோசனை ஓட்டம் தடைப்படும், 10 செக்கனைத் தாண்டினால் கவனம் போய்விடும் என்பது வடிவமைப்பாளர்கள் நீண்டகாலமாகப் பின்பற்றும் அளவு. வாக்கைப் போனிலேயே சேமித்து உடனே குறியீடு காட்டி, சிக்னல் வந்ததும் அனுப்புவது இதற்குத் தீர்வு.

6. குறிப்புகளை அடுக்குதல்

ஒரு தாள் துண்டில் ஒரு குறிப்பு. சொன்னது, செய்தது, நீங்கள் நினைத்தது மூன்றையும் வேறு வேறு நிறப் பேனையால் எழுதுங்கள். எல்லாத் துண்டுகளையும் நிலத்தில் பரப்பி, ஒன்றோடொன்று சேருவதைப் பக்கத்தில் வையுங்கள். தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் துண்டுகளை வலிந்து அதற்குள் திணிப்பீர்கள். ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகித்தா உருவாக்கிய முறை இது.

7. திருத்துதல்

தயக்கத்துக்குக் காரணம் “அயலவர் பார்ப்பார்” என்று துண்டுகள் காட்டினால், திருத்தமும் அங்கேதான் தொடங்க வேண்டும். பெயரை மறையுங்கள். அதை வாக்களித்த பிறகு சொன்னால் பயனில்லை, பொத்தானுக்கு மேலேயே எழுதுங்கள்: “உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது.” எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஊர் சிறிது, 4 பேர் மட்டும் வாக்களித்த கேள்வியில் பெயர் இல்லாவிட்டாலும் யார் எது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆகவே 10 வாக்கு சேரும்வரை முடிவைக் காட்டாமல் வையுங்கள். ஆண், பெண், வட்டாரம் என்று பிரித்துக் காட்டுவதற்கும் இதே விதி.

முடிவை வாக்குக்கு முன்னால் காட்டவும் வேண்டாம். 1951 இல் உளவியலாளர் சொலமன் ஆஷ் வெளியிட்ட பரிசோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வேலையில், மற்றவர்கள் வேண்டுமென்றே பிழையாகச் சொன்ன சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்களவு பதில்கள் அந்தப் பிழையோடு ஒத்துப்போயின. கண்முன் இருக்கும் கோட்டுக்கே அப்படியென்றால், அயலவரின் கேள்விக்கு எப்படி இருக்கும்!

முடிவுத் திரையில் விழுக்காட்டை மட்டும் போடாமல் “ஊரில் 23 பேர் பதிலளித்தனர்” என்று எண்ணிக்கையையும் எழுதுங்கள். 1936 இல் அமெரிக்காவின் லிட்டரறி டைஜஸ்ட் இதழ் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டியும் தேர்தல் முடிவைப் பிழையாகக் கணித்தது. பதில் அனுப்பியவர்கள் நாட்டு மக்களின் சரியான மாதிரியாக இருக்கவில்லை. போன் இருக்கிறவர்களின் விருப்பத்தை ஊரின் முடிவாகக் காட்டும் உரிமை எந்தச் செயலிக்கும் இல்லை.

இப்போது தாளில் கீறுங்கள், பிறகு ஃபிக்மா. தமிழ்த் தெரிவுகள் நீளமாக வரும், ஆகவே பொத்தான் இரண்டு வரிக்கு இடம் கொடுக்கட்டும். வரி இடைவெளி போதாவிட்டால் “கூ”, “ழு” போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் போட்டுப் பாருங்கள். தொடும் இடம் குறைந்தது 48 டிபி (dp, ஆண்ட்ராய்டில் திரை அளவுக்குப் பயன்படும் அலகு). பின்னணிக்கும் எழுத்துக்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (contrast) குறைந்தபட்சம், மத்தியான வெயிலில் ஒருமுறை திறந்து பார்ப்பது அதைவிட நல்லது. சிவப்பு, பச்சையை மட்டும் நம்பித் தெரிவுகளைப் பிரிக்க வேண்டாம்.

8. மறுபடியும் சோதித்தல்

அதே வேலையைப் புதிய 5 பேரிடம் கொடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் தடுமாறினால் அந்த இடத்தை மட்டும் திருத்தி, மீண்டும் காட்டுங்கள். முதலில் கதைத்தவர்களிடமும் திருத்திய திரையைக் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் சொன்னதில் எதை எடுத்தீர்கள், எதை ஏன் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வராத அனுபவம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு.

வேலைத்தொகுப்பில் (போர்ட்ஃபோலியோ) போடும்போது பழைய திரை, கண்ட சிக்கல், புதிய திரை என்ற ஒழுங்கில் அடுக்குங்கள். ஆளைக் குறிப்பிட “கிளிநொச்சி மாவட்டம், விவசாயி, 50 வயதுக்கு மேல்” என்ற அளவு போதும். சிறிய கிராமமென்றால் தொழிலையும் எடுத்துவிடுங்கள். பதிவேற்றுவதற்கு முன் ஒலிப்பதிவுகளைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.