ஊருக்குக் கொண்டுபோகும் வெள்ளி கறுக்காமலிருக்க

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்கள் தங்க நகைகளுக்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதியைக்கூட வெள்ளிக்குக் காட்டுவதில்லை. அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து, குழந்தையின் கொலுசும் காப்பும் கறுத்திருப்பதைக் கண்ட பிறகுதான், கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகமும், உடம்புச் சூட்டால்தான் கறுக்கிறது என்ற பெரியம்மாவின் தீர்ப்பும் கிளம்புகின்றன. இரண்டுமே பொருந்தாதவை.

காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரியும்போது, அதன் மேற்பரப்பில் வெள்ளி சல்ஃபைடு என்னும் மெல்லிய கரும்படலம் படிகிறது. ஈரப்பதம் இந்த வினையை விரைவுபடுத்துவதால், ஆண்டு முழுவதும் புழுக்கம் நிறைந்த சிங்கப்பூரிலும், சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலும் வெள்ளி சீக்கிரமே மங்குகிறது. 925 முத்திரையுள்ள நகையில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி; மீதி பெரும்பாலும் உறுதிக்காகச் சேர்க்கும் செம்பு. செம்பு கூடினால் கறுப்பதும் கூடும் என்றாலும், சுத்த வெள்ளியும் கறுக்கவே செய்யும் என்பதால், கறுப்பை மட்டும் வைத்து ஒரு நகையைப் போலி என்று சொல்லிவிட முடியாது.

பயணத்துக்குமுன் நகையைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில் காற்றை வெளியேற்றி வைத்து, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போடுவது போதுமானது. ரப்பர் பேண்டு மட்டும் கூடவே கூடாது. ரப்பரைப் பதப்படுத்தவே கந்தகம் சேர்க்கிறார்கள். ஊரில் வங்கி லாக்கரில் பாட்டியின் தண்டையையும் குங்குமச் சிமிழையும் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுப் பல ஆண்டுகள் விட்டுவைத்திருப்போர் ஏராளம். அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால், ரப்பர் இருந்த இடத்தில் கன்னங்கரிய கோடு விழுந்திருக்கும். இம்முறை லாக்கரைத் திறக்க நேர்ந்தால், கட்டுகளை அவிழ்த்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் வைத்துவிட்டு வாருங்கள்.

ராமேசுவரத்திலோ திருச்செந்தூரிலோ கடலில் நீராடுவதற்குமுன் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்கள், கரையேறியதும் நல்ல நீரில் கழுவிக்கொள்ளலாம்.

கறுத்ததைச் சுத்தம் செய்யப் பற்பசையைத் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அதிலுள்ள துகள்கள் மெருகில் கீறல் போடும். ஊரில் பூந்திக்கொட்டை எளிதாகக் கிடைக்கும். அதை ஊறவைத்த நீரில் மென்மையான பிரஷால் தேய்த்தால் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். குத்துவிளக்குக்கு வேண்டுமானால் நன்கு சலித்த விபூதி உதவும். கறுப்பு ஆழமாக இருந்தால், பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, நகை அதைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றுங்கள். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிட, வெள்ளி நகையிலேயே தங்கிவிடும். அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்று பொருள். ஆனால் முத்து, பவளம், கல் பதித்தவற்றையும், வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகைகளையும் இதில் போடவே கூடாது. அவற்றை நம்பிக்கையான பத்தரிடம் கொடுக்கலாம். எனினும் அடிக்கடி மெருகு போடச் சொன்னால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி தேய்ந்துதான் போகும்.

புதிதாக வாங்குவோர் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசைத் தேடிப் போவதுண்டு. எங்கு வாங்கினாலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ஹால்மார்க் (தூய்மைச் சான்று) முத்திரை உள்ளதைக் கேட்டு, தூய்மை, எடை, செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த ரசீதைப் பெறுங்கள். 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் சிங்கப்பூரர்களுக்கு, வாங்கிவரும் பொருள்களில் 500 சிங்கப்பூர் டாலர் மதிப்பு வரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 9 விழுக்காடு செலுத்த வேண்டும். வேலை அனுமதி, மாணவர் அனுமதி அட்டைகளில் இருப்போருக்கு இந்த விலக்கு கிடையாது. ஏற்கெனவே உங்களிடம் இருந்த நகைகளைப் புறப்படும் முன்பே படமெடுத்து வைத்தால், சாங்கி விமான நிலையத்தில் கேள்வி எழும்போது காட்டலாம்.