வீடு கட்டுதீங்களா? கார் ஷெட்டுக்கு சுவர் எழும்புறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கிடுங்க

தென்காசி பக்கம் செங்கோட்டைல எங்க பழைய வீட்டு கார் ஷெட் 9 அடி அகலம். கட்டும்போது "கார் ஆறடி தான அண்ணாச்சி, தாராளமா போகும்"னாரு மேஸ்திரி, போச்சு, உள்ள போன கார்ல இருந்து ஆள் இறங்கத்தான் முடியல. அம்மா பத்து வருசமா வாசல்லயே இறங்கிட்டு, மழைல நனைஞ்சிட்டு நடந்து வந்தாங்க. இப்ப புது வீட்டுக்கு கடக்கால் தோண்டியாச்சு, இந்த தடவை முன்னாடியே உக்காந்து யோசிச்சேன், அதை வரிசையா சொல்லுதேன். புதுசா கட்டுறவங்களுக்கு மட்டும்தான் இது, கட்டி முடிச்சவங்க படிச்சா வயிறு எரியும்.

ஸ்டெப் 1: தரைல சுண்ணாம்புக் கோடு

பேப்பர் பிளான்ல எல்லாமே பெருசாத்தான் தெரியும். மனைல சுண்ணாம்புப் பொடியால ஷெட்டோட உள் அளவை அப்படியே கோடு போட்டு, யார்கிட்டயாவது காரை வாங்கிட்டு வந்து உள்ள நிறுத்துங்க, நாலு கதவும் டிக்கியும் திறந்து பாருங்க. இன்னோவா கிரிஸ்டா நீளம் 4735 மில்லிமீட்டர், அதாவது பதினஞ்சரை அடி, அகலம் கண்ணாடி சேக்காம ஆறடி. கதவைத் திறந்து இறங்க ரெண்டு பக்கமும் ரெண்டரை மூணடி வேணும். அப்போ உள் அகலம் 12 அடி, நீளம் 20 அடி வச்சா நிம்மதி. கூட ஒரு ஸ்கூட்டரும் சைக்கிளும் நிக்கணும்னா 15 அடி. இப்ப சின்ன கார்தான் இருக்குன்னு அதுக்கு மட்டும் அளவு எடுக்காதீங்க, கார் மாறும், சுவர் மாறாது.

ஸ்டெப் 2: வாசல் எந்தப் பக்கம்?

இது நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல புனலூர்ல எங்க மாமா வீட்டுல கார் போர்ச்சுன்னு முன்னாடி சும்மா திறந்து விட்டிருப்பாங்க, அழகா இருக்கும், மேல ட்ரஸ் ஷீட் வேற. அதைப் பாத்து இங்கயும் அப்படியே கட்டுறாங்க. அங்க மழை நேரா கொட்டும்யா. இங்க ஜூன்ல இருந்து மேக்க இருக்க ஆரியங்காவு கணவாய் வழியா காத்து அள்ளிட்டு வரும், சாரல் படுத்துக்கிட்டே வந்து பின்சுவர் வரைக்கும் நனைச்சிரும். அதனால மேக்கு பாத்த வாசல் கூடவே கூடாது. எங்க தாத்தா மாட்டுக்கொட்டில கிழக்கு பாத்துதான் வச்சிருந்தாரு, மேக்க முழுச்சுவர். அவருக்கு யாரும் பிளான் போட்டுக் குடுக்கல. ஆனா கிழக்கு பாத்து வச்சா ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பக்கத்துல இருந்து அடிக்கும், அதுக்கு மூணடி சன்ஷேட் இழுத்து விட்டா போதும். மனை மேக்கு பாத்ததுதான், வேற வழியே இல்லைங்கிறவங்க ஷட்டர் போட்டுத்தான் ஆகணும், கேட் பத்தாது.

ஷட்டர்னா லிண்டலுக்கு (வாசலுக்கு மேல போடுற காங்கிரீட் பட்டை) மேல சுருள் உக்கார ஒரு அடிக்கு மேல இடம் வேணும், அதை விட்டுட்டு பீம் போட்டுட்டா அப்புறம் ஷட்டர் தொங்கித் தலைல இடிக்கும். மோட்டார் வைக்கிறவங்க கரண்ட் போனா கையால தூக்குற வசதி இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

ஸ்டெப் 3: தரையும் வாட்டமும்

உள்ள நிரப்புற மண்ணை அரை அடி அரை அடியா கொட்டி, தண்ணி விட்டு திமிசு போட்டு இடிக்கணும். இதுல சோம்பேறித்தனம் பண்ணினா ஒரு வருசத்துல டயர் நிக்கிற இடம் மட்டும் குழியா இறங்கிரும். மேல நாலு இஞ்ச் காங்கிரீட், அதுக்கு மேல பார்க்கிங் டைல்ஸ். வழுவழு டைல்ஸ் வேண்டாம், ஈர டயரோட வந்தா வழுக்கும்.

வாட்டம் வாசலைப் பாத்து இருக்கணும், 20 அடிக்கு ரெண்டரை இஞ்ச் குறையாம. எங்க பழைய ஷெட்டுல வாட்டம் வீட்டுப் பக்கம், கார் கழுவுற தண்ணி அடுப்படிக்கு வரும், சிரிக்காதீங்க. வாசல்ல குறுக்கால கம்பி ஜாலி போட்ட சின்ன வாய்க்கால் வச்சிருங்க. ரோட்டுல இருந்து ஏறுற சாய்வு, ஒரு அடி உயரத்துக்கு எட்டடி நீளம்னு இருந்தா காரோட அடிப்பக்கம் தட்டாது, அந்த எட்டடியையும் நம்ம மனைக்குள்ளயே வைக்கணும்.

ஸ்டெப் 4: கரண்ட்

இப்ப எலக்ட்ரிக் கார் இல்லாட்டியும் பைப்பை மட்டும் புதைச்சிருங்க. மீட்டர் போர்டுல இருந்து ஷெட்டு வரைக்கும் தனியா ஒரு இஞ்ச் பைப், பின்னாடி வயரை இழுக்க உள்ள ஒரு கயிறு. பைப்புக்கு ஆகுறது சில நூறு ரூபாதான், பின்னாடி சுவரை வெட்டி ஒட்டுப் போட்டா அது எத்தனை மடங்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கிடுங்க. சாதாரண வீட்டு சார்ஜர் 3.3 கிலோவாட், அதுக்கு 16 ஆம்ப் பிளக் போதும். பெரிய 7 கிலோவாட் சார்ஜர்னா 32 ஆம்ப், தனி வயர், அது குறைஞ்சது 6 ஸ்கொயர் எம்எம், லோடு கூட்டச் சொல்லி மின்வாரியத்துலயும் எழுதிக் குடுக்கணும். ரெண்டுக்குமே நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இல்லாம வைக்காதீங்க, ஈரத் தரைல நின்னு பிளக் மாட்டப் போறோம்.

பிளக் எல்லாம் நாலடி உயரத்துல. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோடதான் தேங்கும், அங்க போய் ஸ்விட்ச் போட்டு பொறி பறக்க விடக்கூடாது.

ஸ்டெப் 5: காத்து

அந்த பெட்ரோல் ஆவி வெளிய போறதுக்காக, தரையை ஒட்டி ரெண்டு ஓட்டை. இன்வெர்ட்டர் பேட்டரியையும் ஷெட்டுலதான் வைக்கப் போறீங்கன்னா, சார்ஜ் ஏறும்போது வர்ற ஹைட்ரஜன் மேல ஏறும், அதுக்கு மேல கூரையை ஒட்டி ரெண்டு. எல்லாத்துக்கும் நெருக்கமான கம்பி வலை கட்டாயம், பக்கத்துல வயக்காடு இருக்கவங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டாம். எலி வந்தா கார் வயரைக் கடிக்கும், எலி பின்னாடியே பாம்பு வரும். ஓட்டை இருக்கேன்னு நம்பி ஷட்டரை இறக்கிட்டு இஞ்சினை ஓட விடாதீங்க, அந்தப் புகைல இருக்க கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மயங்கின பிறகுதான் தெரியும், அதுவும் நமக்குத் தெரியாது.

ஸ்டெப் 6: பரண், தண்ணி

கார் பானட் மேல உள்ள இடம் சும்மாதான கிடக்கு, ஆறரை அடி உயரத்துல ரெண்டடி பரண் இழுத்துருங்க. ஸ்பானர், ஜாக்கி எல்லாம் மேக்குச் சுவர்ல மாட்டாதீங்க, ஓதம் ஏறி துரு பிடிக்கும். ஒரு பைப், பக்கத்துல கை கழுவ சின்ன தொட்டி. டூல்ஸ், ரேக், கேமரா எல்லாம் மெதுவா வாங்கலாம், ஓடியா போகுது.

ஸ்டெப் 7: போட்டோ

பூசுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், பைப் ஓடுற ஒவ்வொரு சுவர்லயும் அளவு டேப்பைப் பிடிச்சு வச்சு போன்ல படம் எடுத்து வச்சிருங்க. பின்னாடி சைக்கிள் மாட்ட டிரில் போடும்போது தேடுவீங்க.