பள்ளிக் கால்பந்துக்கு நடுவராகப் போகிறீர்களா? குறுவட்டத்திலிருந்து ஆரம்பிப்போம்

விதியெல்லாம் தெரியும், மைதானத்தில் எங்கே நிற்பதென்றுதான் குழப்பம் என்பவர்களுக்கு இது. குறுவட்டம் என்றால் பக்கத்துப் பள்ளிகள் மோதும் முதல்கட்டப் போட்டி. கார்னர், பெனால்டி எப்போது என்பதெல்லாம் இங்கே கிடையாது.

1. முந்தின நாளே கேட்டுவிடுங்கள்

14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் இருக்கும். ஆட்ட நேரம், பந்தின் அளவு, வெளியே போன பையன் திரும்ப இறங்கலாமா என்பதையெல்லாம் சின்ன வயதினருக்கு மாற்றிக்கொள்ள சர்வதேச விதியே இடம் தருகிறது. ஆகவே ‘போன வருஷம் இப்படித்தான்’ என்று போய் நிற்காதீர்கள். இரண்டு பள்ளி பி.டி. சாரையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொல்லிவிடுங்கள்.

2. விசில்

உள்ளே குண்டு உருளும் விசில் வேண்டவே வேண்டாம். சாரலில் நனைந்தால் குண்டு ஒட்டிக்கொள்ளும். குண்டில்லாத ஃபாக்ஸ் 40 வாங்குங்கள். குளச்சல், தூத்தூர் பக்கத்துக் கடல்காற்றிலும் கேட்கும். வாயில் கடித்தபடி ஓடாமல் கையில் வைத்திருங்கள். கை வாய்க்குப் போவதற்குள் ஒரு நொடி யோசிக்கலாம்.

3. ஆஃப்சைடு

எல்லாரும் சறுக்குவது இங்கேதான். சக ஆட்டக்காரன் பந்தைத் தட்டும்போது, எதிரணிப் பாதியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தினவரையும் தாண்டி கோல் பக்கம் நிற்பதுதான் ஆஃப்சைடு இடம். மாநிலப் போட்டியென்றால் இரண்டு பக்கமும் பயிற்சி பெற்ற உதவி நடுவர்கள். நீங்கள் மூலைவிட்டமாக ஓடிக்கொண்டு கொடியைப் பார்த்தால் போதும். குறுவட்டத்தில் கொடி பிடிக்க வருவது பெரும்பாலும் வேறு பள்ளிப் பையன்கள். பந்து கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் அவர்களைக் காட்டச் சொல்லுங்கள். ஆஃப்சைடு முழுக்க உங்கள் பொறுப்பு.

அதனால் பந்துக்குப் பின்னாலேயே ஓடக்கூடாது. தாக்குதல் தொடங்கியதும் ஓரமாக விலகி, டிஃபெண்டர்களைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி நில்லுங்கள். சக ஆட்டக்காரன் பந்தைத் தட்டும் அந்தக் கணம்தான் கணக்கு. கண் கடைசி டிஃபெண்டர் மேல், காது உதைச் சத்தத்தின் மேல். காற்று பலமாக இருந்தால் சத்தம் கேட்காது. உதைப்பவன் கால் ஓங்கும்போதே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

கோலி முன்னேறி வந்துவிட்டால் கணக்கு மாறும். கோல் கோட்டருகே ஒரு டிஃபெண்டர் நிற்கிறானே என்று விட்டுவிடாதீர்கள். எதிரணியில் கடைசிக்கு முந்தினவர் யார் என்றுதான் பார்க்க வேண்டும். அவருக்கு நேராக நின்றால் ஆஃப்சைடு இல்லை.

ஆஃப்சைடு இடத்தில் ஒருவன் சும்மா நிற்பது குற்றமில்லை. அவன் பந்தைத் தொடட்டும், அல்லது எதிராளிக்கு இடைஞ்சல் கொடுக்கட்டும், பிறகு ஊதுங்கள். ‘லேய், ஆஃப்சைடு லே!’ என்று வெளியிலிருந்து கத்துவார்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் ஆடியவர்கள் உள்ள கடற்கரை ஊர்களில் அப்படிக் கத்துகிறவர் உங்களைவிட நன்றாக ஆடியவராகவும் இருக்கலாம். இருந்தாலும் பொறுங்கள்.

4. த்ரோ இன்

தவறாக எறிந்தால் பந்து எதிரணிக்கு. சின்னப் பையன்தானே என்று மறுபடி எறியவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பின்சேர்க்கை: கோல் கிக் பெனால்டி பகுதியைத் தாண்டாததால் திரும்ப அடிக்கச் சொன்னதாக ஒரு பி.டி. சார் எழுதியிருந்தார். 2019-லேயே அது மாறிவிட்டது சார். உதைத்து, பந்து தெளிவாக நகர்ந்தாலே ஆட்டம் தொடங்கியாயிற்று. உள்ளேயே இன்னொருவன் வாங்கலாம். எதிரணி மட்டும் அதுவரை வெளியே நிற்க வேண்டும்.